மேலே யார் பெயர்?

அத்தியாயம் 9

சிக்கெ துப்பிய எச்சில் குறி தவறாமல் லுப்பெர்ட்டின் கோட்டில் மூன்றாவது பித்தளைப் பொத்தானில் வந்து விழுந்தது. இருபது வருடம் திமிங்கிலத்தின் மேல் ஈட்டி எறிந்தவனுக்குக் கை மட்டுமல்ல, வாயும் குறி தப்பாது என்று லுப்பெர்ட் மனசுக்குள் ஒப்புக்கொண்டான். தன்னுடைய சுற்றளவுக்கு யார் துப்பினாலும் குறி தப்பாது என்பது வேறு விஷயம்.

"கைதி நல்லா ஒத்துழைக்கிறாரு," என்றான், பின்னால் நின்ற வெண்டெலிடம்.

"தொடைச்சுக்கோங்க ஐயா," என்றாள் வெண்டெல்.

அந்த 'ஐயா' காவலாளி பக்கத்தில் நின்றதால் வந்தது. டெக்ஸல் தீவின் துறைமுகப் பதிவேட்டின்படி லுப்பெர்ட் விசாரணை அதிகாரி. வெண்டெல் அவனுக்கு எழுத்தர். கைத்தடியும் பொத்தான் வைத்த கோட்டும் அவனுக்கு, மைக்கூடு அவளுக்கு. ஆனால் முந்தைய அதிகாரியின் மனைவியாகப் பன்னிரண்டு வருடம் புருஷன் பெயரில் துப்புத் துலக்கியவள் அவள். புருஷன் செத்ததும் பதவி லுப்பெர்ட்டுக்கு வந்தது, மூளை அவளிடமே தங்கிவிட்டது. லுப்பெர்ட்டுக்கு இதில் வருத்தம் கிடையாது. கனமான சாமானை அடுத்தவர் தூக்கினால் அவனுக்குச் சந்தோஷம்தான்.

"சிக்கெ," என்றாள் அவள், கம்பிக்குப் பக்கத்தில் போய். "மதிய மணி அடிச்சதும் நீதிபதி உக்காருவாரு. சாயங்காலத்துக்குள்ள உனக்குக் கயிறு. கேப்டன் யெல்மரை நீ பனிக்கும் கப்பலுக்கும் நடுவுல தண்ணியில தள்ளிக் கொன்னேன்னு நாலு பேர் கையெழுத்துப் போட்டிருக்காங்க. உன் தரப்புல ஏதாவது சொல்லு."

"உங்கிட்டயா? பொம்பளைகிட்டயா?"

"சரி, இவர்கிட்ட சொல்லு."

சிக்கெ லுப்பெர்ட்டை மேலும் கீழும் பார்த்தான். "இந்தக் கொழுப்பை உருக்குனா நாலு பீப்பாய் தேறும். இதுகிட்டயா?"

"அஞ்சு," என்றான் லுப்பெர்ட். "காலையில சாப்பிட்டுட்டேன்."

"நான் வேட்டைத் தலைவன்டா! பனிக்குள்ள போயிட்டா என் பேச்சுக்கு மேல பேச்சு கிடையாது. எனக்குச் சமமா ஒரே ஆளு, கேப்டன். அவரைக் கூட்டிட்டு வா. அவர்கிட்ட சொல்றேன்."

கப்பல் வந்து சேர்ந்த நாளிலிருந்து இதே பாட்டுதான். கொன்றவனே 'செத்தவனைக் கூட்டிட்டு வா' என்று நக்கல் அடிக்கிறான் என்று ஊரே கொதித்துப் போயிருந்தது. யாரோ ஜன்னல் வழியாக அழுகிய மீன்தலை எறிந்திருந்தார்கள். அதை சிக்கெ பத்திரமாக மூலையில் வைத்திருந்தான், திருப்பி எறிவதற்கு.

வெண்டெல் கடைசி முயற்சியாக அந்தச் சாட்சிக் காகிதத்தை எடுத்து அவன் கண்ணெதிரே விரித்துப் பிடித்தாள். 'ஜூன் பதினாலு, பனிக்கடல், பொறுமை என்னும் கப்பல்' என்று ஆரம்பிக்கும் வாக்குமூலம். கீழே வரிசையாக நாலு கையெழுத்து. முதலில் துணைக் கேப்டன் ருட்கரின் பெயர். மற்ற மூவருக்கும் எழுதத் தெரியாது, ஆளுக்கொரு குறி போட்டிருந்தார்கள்: ஒரு முடிச்சு, அதற்குக் கீழே ஒரு ஈட்டி, அதற்கும் கீழே ஒரு பானை.

சிக்கெ பார்த்தான். அப்புறம் சிரித்தான்.

சாதாரணச் சிரிப்பு இல்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு, சங்கிலி குலுங்க, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தான். சிரித்து முடித்ததும் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துவிட்டான்.

வெளியே வந்ததும் வெண்டெல் நின்றாள். கடல் காற்று அவள் தொப்பியைப் பிய்த்துக்கொண்டு போகப் பார்த்தது.

"லுப்பெர்ட், அவனுக்குப் படிக்கத் தெரியுமா?"

"தன் பேரைக்கூடப் படிக்கத் தெரியாது. அவன் குறி திமிங்கில வாலு."

"அப்ப எழுத்தைப் பாத்துச் சிரிக்கலை. அந்தக் காயிதத்துல அவனுக்குப் புரியறது மூணே மூணு படம். முடிச்சு, ஈட்டி, பானை. இதுல சிரிக்க என்ன இருக்கு?"

"படம் கேவலமா இருக்கு. அந்தப் பானைய நான் முதல்ல மாடுன்னு நினைச்சேன்."

"சாகப் போறவன் ஓவியத்தைப் பாத்துச் சிரிக்க மாட்டான். நமக்குத் தெரியாத ஒண்ணு அவனுக்குத் தெரியும். கப்பலுக்குப் போ. இந்த மூணு குறியும் அங்க எங்கெங்க இருக்குன்னு பாத்துட்டு வா. பெட்டி, சுவர், துணி, எதையும் விடாதே."

"நீங்க?"

"என்னை ஏத்த மாட்டான்."

அது நிஜம். 'பொறுமை' கப்பலின் ஏணிக்கு மேலே துணைக் கேப்டன் ருட்கர் இரண்டு காலையும் அகட்டி நின்றான். கேப்டன் போன பிறகு கேப்டனின் தொப்பி அவன் தலையில் ஏறியிருந்தது. கொஞ்சம் பெரிசு. காதுதான் தாங்கிப் பிடித்திருந்தது.

"அந்தப் பொம்பளை கரையிலயே நிக்கட்டும். கப்பல்ல பாவாடை பட்டா அடுத்த வருஷம் மீனு கிடைக்காது."

"இந்த வருஷம் யாரு பாவாடை கட்டிட்டு வந்தாங்க?" என்று கேட்டான் லுப்பெர்ட். பாதிக் கிடங்கு காலி என்பது துறைமுகத்துக்கே தெரியும்.

ருட்கரின் முகம் சிவந்தது. "சீக்கிரம் பாத்துட்டு இறங்கு. ரொம்ப நேரம் ஒரே பக்கம் நிக்காதே, கப்பல் சாயும்."

லுப்பெர்ட் பார்த்தான். மூன்று குறிகளும் எல்லா இடத்திலும் இருந்தன, எதிலும் சிரிக்க ஒன்றும் இல்லை. முடிச்சுக் குறி செராங்கு ஹார்மனுடையது. கயிறு, பாய் எல்லாவற்றுக்கும் அவன்தான் மேஸ்திரி. ஈட்டிக் குறி, ஈட்டிக்காரன் யோரிஸ். பானை, சமையல்காரன் மெல்லெ. பெட்டியிலும் போர்வையிலும் பூட்ஸிலும் அதே படங்கள். கடைசியாக அதிகாரிகள் சாப்பிடும் அறைக்குள் தலையை விட்டான். வயிறு வர மறுத்தது. ஒரு தம் பிடித்துத் தள்ளினான். உள்ளே போய்விட்டான், போன வேகத்தில் எதிர்ச் சுவரில் மாட்டியிருந்த பலகை மேல் மோதினான். கொக்கி பிய்ந்து, பலகை கரண்டிகளோடு தரையில் சிதறியது.

"எருமை!" ருட்கர் ஓடிவந்தான். "அது கரண்டிப் பலகைடா! எடு! எடுத்து மாட்டு!"

லுப்பெர்ட் அவசரமாகக் குனிந்து எடுத்து, சுவரில் வைத்துப் பார்த்தான்.

"அந்தப் பக்கம் இல்லடா! திருப்பு!"

திருப்பினான். கொக்கி உடைந்திருந்ததால் மறுபடி விழுந்தது. இந்த முறை ருட்கரின் கால் விரலில்.

ஐந்து நிமிஷம் கழித்து லுப்பெர்ட், பலகையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, கரண்டிகளைக் கோட்டுப் பையில் குலுக்கிக்கொண்டு, ஏணியில் இறங்கி வந்தான். தச்சனிடம் கொடுத்துச் சரி பண்ணிக் கொண்டுவராவிட்டால் அவனையே ஆணி அடித்து மாட்டப்போவதாக மேலிருந்து சத்தம் வந்துகொண்டிருந்தது.

"சாரி," என்றான் வெண்டெலிடம். "ஒண்ணும் கிடைக்கலை. ஒரு பலகைய உடைச்சதுதான் மிச்சம். மாட்டப் போனா, 'அந்தப் பக்கம் இல்ல, திருப்பு'ன்னு கத்துறான். பலகைக்கு எந்தப் பக்கமா இருந்தா என்ன…"

"என்ன சொன்னான்?"

"எருமைன்னான்."

"அதுக்கப்புறம்!"

"திருப்புன்னான்."

வெண்டெல் அவன் கக்கத்திலிருந்து பலகையைப் பிடுங்கினாள். ஒரு பக்கம் பார்த்தாள். திருப்பிப் பார்த்தாள். இரண்டு பக்கமும் கரண்டி மாட்டும் முளைகள், மேலிருந்து கீழாக. ஒவ்வொரு முளைக்கும் கீழே சூட்டுக்கோலால் போட்ட குறி. அவள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம், லுப்பெர்ட்டுக்குத் தெரிந்து ஏழு வருடத்தில் இரண்டாவது தடவையாக, சிரித்தாள். அதுவும் சிக்கெ சிரித்த மாதிரியே.

"உன் வயித்துக்கு ஒரு சிலை வைக்கணும்," என்றாள்.

"கல்லு பத்தாது அம்மணி."

"கரண்டியெல்லாம் எடு. எண்ணு."

கவனமாக எண்ணினார்கள். பக்கத்துக்கு ஆறு முளைகள். கரண்டிகள் ஐந்து. நங்கூரக் குறி போட்ட கேப்டனின் கரண்டி இல்லை.

"அறையில விழுந்து கிடக்கும்," என்றான் லுப்பெர்ட்.

"விழும்போது அந்த முளை எப்படி இருந்துச்சு?"

லுப்பெர்ட் கண்ணை மூடி யோசித்தான். மோதுவதற்கு முந்தின கணம் நன்றாகவே நினைவிருந்தது. மரணம் நெருங்கும்போது மனிதனுக்கு எல்லாம் தெளிவாகத் தெரியும். "உச்சி முளை காலி. தூசி படிஞ்சிருந்துது."

"நாலு பேரையும் உங்க பேர்ல கூப்பிடுங்க, ஐயா," என்றாள் வெண்டெல். பக்கத்தில் ஒருவரும் இல்லை. அந்த 'ஐயா' முழுக்க முழுக்கக் கேலி. "விசாரணைக்கு முன்னாடி சாட்சிகளுக்கு நீதிமன்றத்துக்கு எதிர் சத்திரத்துல பட்டாணி சூப்பு. ஓசியில."

*

ஓசி சூப்பு என்றால் திமிங்கில வேட்டைக்காரன் நரகத்துக்கும் வருவான். மதிய மணிக்கு அரை மணி இருக்கும்போதே நாலு பேரும் வந்துவிட்டார்கள்.

சத்திரத்து மேஜையின் நடுவில் ஒரே பெரிய சட்டியில் சூப்பு, கப்பலில் வைக்கிற மாதிரியே. பக்கத்தில் கம்பு ரொட்டியும் பன்றிக்கொழுப்பும். கரண்டிப் பலகையை லுப்பெர்ட், உடைந்த கொக்கிக்குப் பதில் கயிறு கட்டி, சுவரில் மாட்டியிருந்தான். எந்தப் பக்கம் மாட்டவேண்டும் என்று வெண்டெல் சொல்லியிருந்தாள்.

உள்ளே வரும்போதே வாய்ச்சண்டை.

"அந்தக் கொலைகாரனுக்காக நாங்க எத்தனை தடவை வாயைத் திறக்கணும்?" என்றான் செராங்கு ஹார்மன்.

"சூப்பு குடிக்கத் திறக்கிற வாய்தானே, அப்படியே பேசிரு," என்றான் லுப்பெர்ட்.

ஈட்டிக்காரன் யோரிஸ் பலகையைப் பார்த்தான், தன் கரண்டியை உருவினான், மேஜையில் இரண்டாவது இடத்தில் உட்கார்ந்தான். அங்கே உட்காரக் குனிந்த ஹார்மன், பலகையை ஒரு பார்வை பார்த்துவிட்டு மூன்றாவது இடத்துக்கு நகர்ந்தான். சமையல்காரன் மெல்லெ கடைசியில். வருடக்கணக்கில் ஊறிய பழக்கம். மூளையைக் கேட்காமலே முழங்கால் மடங்கியது.

எல்லாருக்கும் பின்னால் தொப்பியைப் பிடித்துக்கொண்டு வந்த ருட்கர் வாசலிலேயே நின்றுவிட்டான்.

"எவன்டா இதை இப்படி மாட்டுனது? திருப்பு!"

"மன்னிக்கணும்," என்றாள் வெண்டெல், சட்டியில் அகப்பையை விட்டுக் கிண்டிக்கொண்டே. "கரையில இருக்கிற பொம்பளைக்கு என்ன தெரியும்? பலகைக்கு முன்னாடி என்ன, பின்னாடி என்ன?"

"உனக்குச் சொன்னாலும் புரியாது," என்றான் யோரிஸ். அவனுக்குப் பசி ஒரு பக்கம், பெருமை ஒரு பக்கம். "இது பனிப் பக்கம். பனிக்குள்ள போயிட்டா வேட்டைதான் ராஜா. அங்க பாரு, உச்சியில கேப்டனும் வேட்டைத் தலைவனும் தோளோட தோள். அப்புறம் துணைக் கேப்டன். அப்புறம் ஈட்டி, நானு! கயிறு கட்டுறவன் எனக்குக் கீழ."

"கடல்ல?"

"கடைசிப் பனி கண்ணுக்கு மறைஞ்சதும் பலகையத் திருப்பிருவோம். அப்பக் கப்பல் ஓட்டறவன் காலம். வேட்டைத் தலைவனும் கீழ, நானும் கீழ. முடிச்சு எனக்கு மேல ஏறிரும்."

"ரெண்டு மாசமாவது என் தலைமேல உக்காந்தியே, போதாதா?" என்றான் ஹார்மன்.

"யோரிஸ், வாயை மூடு," என்றான் ருட்கர்.

"ஏன் மூடணும்? இதுல என்ன ரகசியம்?"

"ஒரு ரகசியமும் இல்லை," என்றாள் வெண்டெல். "அதெல்லாம் சும்மா பேச்சுக்குத்தானே? பனியில ஒரு நாள், ஏதோ அவசரம், செராங்கு முன்னாடி நிக்கிறான், நீ பின்னாடி நிக்கிறே. போயிட்டுப் போகுதுன்னு விட்ருவே."

யோரிஸ் கரண்டியைக் கீழே வைத்தான். கழுத்து நரம்பு புடைத்தது. "நானா? பனியிலயா? முடிச்சுக்குக் கீழயா? எங்க அப்பன் அதே பனியில செத்தான். செத்தப்பகூட அவனை ஈட்டிக்காரன் வரிசையிலதான் புதைச்சோம். கப்பல் முழுகினாலும் நான் இவனுக்கு முன்னாடிதான் முழுகுவேன்!"

"அவன் முழுகினா நானும் தடுக்க மாட்டேன்," என்றான் ஹார்மன்.

வெண்டெல் அகப்பையை வைத்தாள். மடியிலிருந்து காகிதத்தை எடுத்து, யோரிஸுக்கு முன்னால் ரொட்டிக்குப் பக்கத்தில் விரித்தாள்.

"ஜூன் பதினாலு. பனிக்கு நடுவுல. கேப்டன் செத்த அதே மணிநேரத்துல நாலு பேரும் கூடிக் கையெழுத்துப் போட்டதா எழுதியிருக்கு. முடிச்சு மேல இருக்கு, யோரிஸ். ஈட்டி கீழ இருக்கு."

யோரிஸ் தன் குறியைப் பார்த்தான். மீசை லேசாகத் துடித்தது.

"இதை எழுதறப்போ பனி கண்ணுக்கு மறைஞ்சு போச்சு. பலகையத் திருப்பிட்டீங்க. வீட்டுக்குப் பாதி வழி வந்தாச்சு. நீங்க தேதியில பொய் சொன்னீங்க. உங்க கை சொல்லலை."

ருட்கர் மெதுவாகக் கைதட்டினான். வெறுப்பு சொட்டச் சொட்ட.

"பிரமாதம். பத்து நாள் தள்ளி எழுதினோம். சரி, அதனால? அன்னிக்குச் செத்தவன் அன்னிக்கே செத்தான். சிக்கெ தள்ளினான், நாங்க பாத்தோம். தேதி தப்பா எழுதினதுக்கு யாரையும் தூக்குல போட மாட்டாங்க. எழுதலைன்னு கொலைகாரனை விடவும் மாட்டாங்க." அவன் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். "இன்னும் கொஞ்ச நேரத்துல மணி அடிக்கும். சூப்ப ஊத்து."

லுப்பெர்ட் கையிலிருந்த ரொட்டியைக் கடிக்காமலே கீழே வைத்தான். முதல்முறையாக அவனுக்குப் பசி இல்லை. ருட்கர் சொல்வது சரி. பொய்யர்கள் என்று காட்டியாயிற்று, ஆனால் சிக்கெயின் கழுத்து அப்படியேதான் இருக்கிறது. கூண்டுக்குள் மீன்தலையோடு காத்திருக்கும் அந்த முரடன் மேல் அவனுக்கு ஏனோ ஒரு பிரியம் வந்திருந்தது. தன்னை நாலு பீப்பாய் என்று நேர்மையாக எடை போட்டவர்கள் குறைவு.

வெண்டெல் நாலு பேருக்கும் சூப்பு ஊற்றவில்லை. மேஜையின் கடைசிக்குப் போய் சமையல்காரன் மெல்லெயின் பக்கத்தில் உட்கார்ந்தாள். இவ்வளவு நேரமும் அவன் மட்டும் ஒரு வார்த்தை பேசவில்லை, ரொட்டியைக்கூடத் தொடவில்லை.

"மெல்லெ, அண்ணே. கேப்டனோட கரண்டி எங்க?"

மெல்லெ தன் கரண்டியைக் கவிழ்த்து வைத்தான்.

"தண்ணியில விழுந்தவன் கரண்டியோடயா விழுந்தான்? அதை எடுத்தது யாரு? செத்தவனுக்குக் கரண்டி எதுக்கு அண்ணே?"

"தொலைஞ்சு போயிருக்கும்," என்றான் ருட்கர் சத்தமாக.

"கரண்டி கழுவறவன் மெல்லெ. அவன்தான் சொல்லணும்."

மெல்லெ ருட்கரைப் பார்த்தான். அப்புறம் பலகையில் காலியாக இருந்த உச்சி முளையைப் பார்த்தான். பார்த்ததும் உடைந்துவிட்டான்.

"அவரு கையால சாப்பிட மாட்டாரும்மா," என்றான் அழுகையோடு. "எவ்வளவு குளிர்னாலும் கரண்டி வேணும் அவருக்கு. அதான் பிஸ்கட் மூட்டையில சொருகி…"

"டேய்!" ருட்கர் எழுந்தான்.

லுப்பெர்ட்டும் எழுந்தான். இந்த மாதிரிச் சமயத்தில் அவன் ஒன்றும் செய்யத் தேவையில்லை. வாசலுக்கும் ருட்கருக்கும் நடுவில் நின்றால் போதும், வாசல் மறைந்துவிடும்.

"மூட்டைய எங்க வச்சே?" என்றாள் வெண்டெல்.

"பனி மேல. முன்பக்கம் கயித்துல இறக்கினேன். பிஸ்கட், கருவாடு, ஒரு பழைய பாய். கேப்டன் வழி பாக்கறதுக்குப் பனிமேட்டுல நடந்து போயிருந்தாரு. மூடுபனி இறங்கிருச்சு. அப்பப் பாத்து காத்து மாறி, பனி விலகி, வழி திறந்துச்சு. ருட்கர் கிளம்புன்னாரு. சிக்கெ விடலை. 'பனியில நான் சொல்லாம ஒரு பாயும் ஏறாது, கேப்டன் வர்ற வரைக்கும் நிக்கிறோம்'னு சுக்கானைப் பிடிச்சுட்டு நின்னான். இவங்க பின்பக்கம் அவனைக் கட்டறப்போ நான் முன்பக்கம் போயி…" அவன் முகத்தைத் துடைத்தான். "கேப்டன் சாகலைம்மா. நாங்க விட்டுட்டு வந்துட்டோம்."

"வழி மூடியிருந்தா கப்பல் நொறுங்கியிருக்கும்!" என்று கத்தினான் ருட்கர். "நாப்பது உயிரு! ஒரு ஆளுக்காக நாப்பது உயிரா?"

"அதை முடிவு பண்ண வேண்டியது பனியில நீ இல்ல," என்றான் யோரிஸ் தரையைப் பார்த்தபடி. "சிக்கெதான். நான் அவன் ஆளு. நானே அவன் கையைக் கட்டினேன்." கரண்டியை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். "நீதிபதிகிட்ட நான் சொல்றேன். முதல்ல நான் சொல்றேன். ஹார்மன் எனக்குப் பின்னாடி."

எதிரே மதிய மணி அடிக்க ஆரம்பித்தது.

*

நீதிபதி விடுதலை எழுதிக் கொடுத்து, லுப்பெர்ட் கூண்டைத் திறந்தபோது சிக்கெ எழுந்து நிற்கவில்லை. நன்றியும் சொல்லவில்லை.

"கேப்டனைக் கூட்டிட்டு வான்னு எத்தனை தடவைடா சொன்னேன்?" என்றான். "காது இருக்கா, இல்ல அதுலயும் கொழுப்பா?"

அப்போதுதான் லுப்பெர்ட்டுக்கு உறைத்தது. இந்த மனிதன் நக்கலே அடிக்கவில்லை. தனக்குச் சமமான ஒரே ஆளைப் போய் அழைத்து வரும்படி, தனக்குத் தெரிந்த ஒரே பாஷையில், தினமும் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறான்.

"நடந்ததை முழுசாச் சொல்லியிருக்கலாமே?" என்றான்.

"என் ஆளே என் கையைக் கட்டினான்னு கரைக்காரன்கிட்ட சொல்லணுமா? அதுக்குக் கயிறே மேல்." சிக்கெ சங்கிலித் தழும்பைத் தேய்த்துக்கொண்டான். "மெல்லெ மூட்டை இறக்கினானா? நிஜமாவா?"

"கரண்டியோட."

சிக்கெ மூக்கைப் புறங்கையால் துடைத்தான். "மேற்கால பத்து மைல்ல ரெண்டு ஹாம்பர்க் கப்பல் நின்னுச்சு. அந்த ஆளுக்குக் காலு ஸ்ட்ராங்கு. நடந்திருப்பாரு." சட்டென்று கத்தினான். "என்ன பாத்துட்டு நிக்கறே? கப்பல் எப்ப கிளம்புது? யோரிஸைக் கூப்பிடு. அவனைப் பனியில வச்சுத்தான் உதைக்கணும்."

போகிறபோக்கில் அந்த மீன்தலையை எடுத்து, ஜன்னல் வழியாகக் குறி பார்த்து எறிந்தான். வெளியே யாரோ அலறினார்கள்.

அலுவலகத்தில் வெண்டெல் அறிக்கையை எழுதி முடித்து, மணல் தூவி, லுப்பெர்ட் பக்கம் தள்ளினாள். கேப்டனைத் தேடிப் போகும் கப்பலுக்கு அனுமதி கேட்கும் வரி கடைசியில் இருந்தது. அதற்கு அடியில் கையெழுத்துக்கு, வழக்கம்போல மேலே அதிகாரிக்கு ஒரு இடம், கீழே எழுத்தருக்கு ஒரு இடம்.

"கையெழுத்துப் போடுங்க, ஐயா."

லுப்பெர்ட் பேனாவை மையில் தொட்டான். மேல் இடத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு குனிந்து, கீழ் இடத்தில் தன் பெயரைப் போட்டுவிட்டு, காகிதத்தை அவளிடம் திருப்பித் தள்ளினான்.

"இடம் மாறிப் போட்டுட்டே," என்றாள் வெண்டெல்.

"இல்லையே," என்றான் லுப்பெர்ட். "கேப்டன் இன்னும் வந்து சேரலையே, அம்மணி. நாம இன்னும் பனியிலதான் இருக்கோம்."